சிறையில் இருப்பவரைத் தேடிச் செல்லும் ஆறாவது செயல்

(வானொலி மறையுரைச் சிந்தனை. சிறைப்பணி ஞாயிறு. வாசிக்க: மத்தேயு 25:31-46, 2 திமொத்தேயு 1:15-18, எபிரேயர் 13:3)



இறுதித் தீர்ப்பைப் பற்றி ஆண்டவர் சொல்லும் நற்செய்திப் பகுதி நம் எல்லாருக்கும் நன்கு தெரிந்ததே. பசித்தவருக்கு உணவு, தாகமுற்றவருக்குத் தண்ணீர், அந்நியருக்கு இடம், ஆடையற்றவருக்கு உடை, நோயுற்றவருக்குக் கவனிப்பு, சிறையில் இருப்பவருக்குச் சந்திப்பு என்று ஆறு செயல்களை அவர் வரிசையாகச் சொல்கிறார். முதல் ஐந்தும் நமக்குப் பழக்கமானவை. திருவிழா அசனத்தில் வருகிறவர் எவர் என்று பாராமல் சோறு போடுகிறோம். கோடையில் நீர்மோர்ப் பந்தல் வைக்கிறோம். பங்கில் ஒருவர் புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்றால், ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு அன்பியமே புறப்பட்டுவிடுகிறது. ஆறாவது செயலுக்கு வரும்போதுதான் நம் கால்கள் தயங்குகின்றன.

இந்தியத் திருஅவை ஆகஸ்டு மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றைச் சிறைப்பணி ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது. ஆகஸ்டு 14 புனித மாக்சிமிலியன் கோல்பேயின் நினைவு நாள். 1941-இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில், முன்பின் அறியாத ஒரு குடும்பத் தலைவருக்குப் பதிலாகத் தம் உயிரைக் கொடுத்த கைதி அவர். அவருடைய நினைவையொட்டி வரும் இந்த ஞாயிறில், சிறையில் இருக்கும் ஒருவரோடு எப்படித் தொடர்பில் இருப்பது, உள்ளே அவருடைய வாழ்வு எப்படி இருக்கிறது, பங்கு மக்களாகிய நாம் என்ன செய்ய முடியும் என்பதைச் சற்று விளக்கமாகச் சிந்திப்போம்.

ஒன்றை முதலிலேயே கவனிப்போம். தாம் சிறையில் இருந்ததாக ஆண்டவர் அந்தப் பகுதியில் சொல்லும்போது, எந்தக் குற்றத்துக்காக என்று அவர் சொல்லவில்லை. செய்தாரா, செய்யவில்லையா என்றும் சொல்லவில்லை. தேடி வந்தார்களா என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி.

புயலில் விழுந்த வீடும், கைதினால் விழுந்த வீடும்

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நம் பகுதியைப் புரட்டிப்போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பிள்ளையைப் போல வளர்த்த தென்னைகள் சாய்ந்தன. பூந்தோட்டங்கள் அழிந்தன. மின்சாரம் இல்லாமல், குடிநீர் இல்லாமல் நாள்கணக்கில் தவித்தோம். ஆனாலும் அந்த நாள்களில் யாரும் வெட்கப்படவில்லை. எல்லா வீட்டுக் கூரையும் பறந்திருந்தது. ஒரே பாத்திரத்தில் பொங்கி எல்லாரும் சாப்பிட்டோம்.

ஒருவர் கைதாகும்போது ஒரு வீடு மட்டும் விழுகிறது. ஊரே நிற்கிறது. அந்த வீடு மட்டும் தரையில் கிடக்கிறது. விடியற்காலையில் மல்லிகையும் முல்லையும் பறிக்கப் போகும் பெண்களின் கூட்டத்தில் அந்த வீட்டுப் பெண் மட்டும் தனியே நடக்கிறார். பூக் கமிஷன் கடையில் பேச்சு அடங்குகிறது. ஞாயிறு திருப்பலிக்கு அவர் வந்தாலும் கடைசி வரிசையில் நின்று, இறுதி ஆசீருக்கு முன்பே போய்விடுகிறார். சில வாரங்களில் வருவதையும் நிறுத்திவிடுகிறார். பள்ளியில் பிள்ளையிடம் யாராவது கேட்டால், அப்பா சிங்கப்பூர் போயிருக்கிறார் என்று சொல்லச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அந்த வீட்டில் இருப்பவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். ஆனால் உள்ளே இருப்பவரோடு சேர்த்து அவர்களுக்கும் தண்டனையை வழங்கிவிடுகிறோம். நீதிமன்றம் வழங்காத இந்தத் தண்டனையை வழங்குவது நாம்தான். ஆகவே ஆறாவது செயலின் முதல் படி சிறை வாசலில் தொடங்குவதில்லை. நம் தெருவில், அந்த வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.

உள்ளே இருப்பவர்கள் யார்?

சிறை என்றால் தீர்ப்புப் பெற்ற குற்றவாளிகள் இருக்கும் இடம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கு பேரில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள். வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு நடக்கும்வரை, அல்லது பிணை கிடைக்கும்வரை காத்திருப்பவர்கள். பிணை கிடைத்த பிறகும், ஜாமீன் கையெழுத்துப் போடச் சொத்துள்ள இருவர் கிடைக்காமல் உள்ளேயே இருக்கும் ஏழைகளும் உண்டு.

நம் பகுதியில் ஒருவர் கைதானால், 24 மணி நேரத்துக்குள் அவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். நடுவர் நீதிமன்றக் காவலுக்கு அனுப்பினால்தான் அவர் சிறைக்குப் போகிறார். புதுக்கோட்டையில் மாவட்டச் சிறை இருக்கிறது. 18 வயது கடந்த இளம் குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளியும் அங்கேயே இருக்கிறது. திருச்சி–புதுக்கோட்டைச் சாலையில் மத்திய சிறை உள்ளது. பெண்களுக்கான தனிச்சிறை திருச்சியில் இருக்கிறது. 18 வயது நிறையாத பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. அவர்களுக்குக் கூர்நோக்கு இல்லம். ஆகவே கைதான செய்தி கேட்டதும் குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: எந்த நீதிமன்றம், எந்தச் சிறை, எந்த வழக்கு எண். இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது, பிறகு வரும் எல்லா அலைச்சலையும் பாதியாகக் குறைக்கும்.

தலோஜா சிறையிலிருந்து வந்த மடல்

சிறைக்குள் ஒரு நாள் எப்படிக் கழிகிறது? நமக்கு மிக அருகில் பிறந்த ஒருவர் அதை எழுதியிருக்கிறார். அவர் திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த இயேசு சபை அருள்பணியாளர் ஸ்டான் சுவாமி. ஜார்க்கண்டில் பழங்குடியினருக்காகப் பல்லாண்டுகள் உழைத்தவர். விசாரணை முடியாமல் சிறையில் வாடும் பழங்குடி இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்து, அவர்களுக்காக நீதிமன்றம் சென்றவர். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்யப்பட்டு, மகாராஷ்டிராவின் தலோஜா சிறையில் அடைக்கப்பட்டபோது அவருக்கு வயது 83. தம்மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார்.

உள்ளேயிருந்து அவர் தம் சபைத் தோழருக்கு எழுதிய மடலில் தெரியும் வாழ்வு இதுதான். ஏறத்தாழ 13 அடிக்கு 8 அடி அறை. அதில் அவரோடு இன்னும் இருவர். மாலை ஐந்தரை மணிக்கு அறையைப் பூட்டினால் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். நடுப்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை மறுபடியும் பூட்டு. நடுக்குவாத நோயால் கை நடுங்கும் அவருக்கு, உடன் கைதானவர்களில் ஒருவர் காலையும் நண்பகலும் உணவு உண்ண உதவினார். இன்னொருவர் குளிக்க உதவினார். அறைத் தோழர்கள் இருவரும் இரவு உணவுக்கு உதவி, துணி துவைத்துக் கொடுத்து, வலிக்கும் முழங்காலைப் பிடித்துவிட்டார்கள். அவர்கள் மிக ஏழைக் குடும்பத்தவர்கள் என்றும், அவர்களை உங்கள் செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் அருள்பணியாளர் எழுதினார். ஆண்டவர் சொன்ன ஆறு செயல்களையும் சிறைக்குள்ளேயே கைதிகள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டிருந்தார்கள்!

கை நடுக்கத்தால் அவரால் குவளையைத் தூக்கிக் குடிக்க முடியவில்லை. உறிஞ்சு குழலும் மூடியுள்ள குவளையும் கேட்டு நவம்பர் 6 அன்று நீதிமன்றத்தில் மனு செய்தார். மறுமொழி சொல்ல விசாரணை அமைப்புக்கு 20 நாள்கள் தரப்பட்டன. இச்செய்தி பரவியதும், முகம் தெரியாத பலர் நாட்டின் பல ஊர்களிலிருந்து தலோஜா சிறைக்கு உறிஞ்சு குழல்களை அஞ்சலில் அனுப்பினார்கள். மாத இறுதியில் அவருக்குக் குவளை கிடைத்தது. 2021 மே மாத இறுதியில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அவர், பிணை மனு நிலுவையில் இருந்தபோதே ஜூலை 5 அன்று மும்பையில் இறந்தார். வழக்கின் விசாரணை தொடங்கவே இல்லை.

வெளியே இருக்கும் நமக்கு ஒரு ரூபாய் பெறாத ஒரு குழல், உள்ளே இருப்பவருக்கு எத்தனை பெரிய பொருள் என்பதை அந்த நாள்களில் நாடே கண்டது. ஒரு சோப்பு, ஒரு சட்டை, வீட்டிலிருந்து நான்கு வரி மடல், பிள்ளையின் புகைப்படம் என எல்லாமே அப்படித்தான். நம் வாழ்வில் நாம் கவனிக்காத சிறு பொருள்களைக்கூட அங்கே கேட்டுத்தான் பெற வேண்டும். அதைக் கேட்க வெளியே ஓர் ஆள் வேண்டும்.

மனு பார்க்கப் போகும்போது

சிறையில் இருப்பவரைச் சந்திப்பதை அதிகாரிகள் நேர்காணல் என்பார்கள். நம் மக்கள் மனு பார்ப்பது என்பார்கள். மனு எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றுப் பார்ப்பதால் அந்தப் பெயர். உறவினர் மட்டுமல்ல, நண்பர்களும் மனு கொடுக்கலாம். அனுமதி கொடுப்பது சிறைக் கண்காணிப்பாளரின் பொறுப்பு. ஆதார் போன்ற அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். எந்தக் கிழமையில் பார்க்கலாம், எத்தனை பேர் போகலாம், என்னென்ன பொருள்களை உள்ளே வாங்குவார்கள் என்பவை சிறைக்குச் சிறை, விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் வேறுபடும். ஆகவே, முதல்முறை போகும் முன் கேட்டறிந்து போவது நல்லது. ஆசையாகச் சமைத்து எடுத்துப் போன சோற்றை வாசலில் திருப்பிக் கொடுக்கும்போது, அந்தத் தாய் படும் வேதனையை இப்படித் தவிர்க்கலாம்.

கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டை போய், அங்கிருந்து வேறு பேருந்தில் திருச்சிச் சாலையில் இறங்கி, வரிசையில் நின்று, பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் முழுதும் போய்விடும். பூப்பறிக்கும் கூலியும் அன்று இல்லை. பேருந்துக் கட்டணம் வேறு. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது சில நிமிடங்கள். கம்பி வலைக்கோ கண்ணாடிக்கோ அப்பால் அவர் நிற்பார். இருபுறமும் பலர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். அழுகையிலேயே நேரம் முடிந்துவிடுவதும் உண்டு.

அந்தச் சில நிமிடங்களில் என்ன பேசுவது? வழக்கைப் பற்றிய விவரங்களை அங்கே உரக்கப் பேச வேண்டாம். அது வழக்கறிஞரோடு பேச வேண்டியது. எத்தனை சொன்னோம், கேட்டாயா என்ற கண்டிப்பும் அந்த வலைக்கு முன் பயன் தராது. இரவு முழுவதும் பூட்டிய அறையில் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பார். வீட்டுச் செய்தியைச் சொல்வோம். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, சின்னவள் எத்தனை மதிப்பெண் வாங்கினாள், மல்லிகை கிலோ என்ன விலைக்குப் போகிறது, பங்குத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதா என்று சொல்வோம். அவருடைய இடம் வீட்டில் இன்னும் இருக்கிறது என்பதை இந்தச் சிறு செய்திகள்தாம் அவருக்கு உறுதிப்படுத்தும். சாப்பிட்டாயா, மாத்திரை கிடைக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்போம். நோய் இருந்தால் மருத்துவச் சீட்டின் நகலைக் கொண்டுபோய்ச் சிறை மருத்துவரிடம் சேர்க்கும்படி அதிகாரியிடம் கொடுப்போம். அடுத்து வரும் நாளைச் சொல்லிவிட்டு, சொன்ன நாளில் தவறாமல் போவோம். வருவேன் என்று சொல்லி வராமல் போன ஒரு நாள், உள்ளே இருப்பவருக்கு ஒரு மாதம்போல் கனக்கும்.

மாதந்தோறும் போக முடியாதவர்கள் கடிதம் எழுதலாம். அஞ்சலகத்தில் கிடைக்கும் இன்லேண்ட் தாள் போதும். கைதியின் பெயர், தகப்பனார் பெயர், சிறை எண் தெரிந்தால் அந்த எண், சிறையின் முகவரி ஆகியவற்றைத் தெளிவாக எழுதுவோம். அதிகாரிகள் படித்த பின்பே மடல் அவர் கைக்குப் போகும் என்பதை மனத்தில் வைப்போம். நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மடலோ தலையணைக்கு அடியில் இருக்கும், பத்துமுறை படிப்பார்.

தமிழ்நாட்டுச் சிறைகளில் தொலைபேசி வசதியும் உண்டு. கைதி பதிவு செய்து கொடுத்த எண்ணுக்கு, குறித்த நாள்களில், குறித்த நிமிடங்களுக்குப் பேசலாம். எனவே அந்த எண்ணை மாற்றாமல் வைத்திருப்பதும், ரீசார்ஜ் தீர்ந்துபோகாமல் பார்ப்பதும்கூட ஓர் இரக்கச் செயலே.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று பல தாய்மார் தயங்குகிறார்கள். பிள்ளையின் வயதையும் மனத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டிய காரியம் இது. ஆனால் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்ற பொய்யை, ஒருநாள் பள்ளியில் வேறு பிள்ளை உடைத்துவிடும். தவறு என்று சொல்லப்படும் ஒரு காரியத்துக்காக அப்பாவை ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள், அவர் உன்னை நேசிக்கிறார், நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை என்று வீட்டிலேயே மெல்லச் சொல்வது நல்லது.

சங்கிலியைக் குறித்து வெட்கப்படாதவர்

திருத்தூதர் பவுல் எத்தனையோ முறை சிறைப்பட்டார். பிலிப்பியருக்கும் பிலமோனுக்கும் அவர் எழுதிய மடல்கள் சிறையிலிருந்து எழுதப்பட்டவை. உரோமை உலகில் கைதிக்கு உணவும் உடையும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வர வேண்டும். பிலிப்பித் திருஅவை எப்பப்பிராதித்து என்பவரிடம் உதவிப்பொருள்களைக் கொடுத்து அனுப்பியது. திமொத்தேயுவுக்கு எழுதும் இரண்டாம் மடலில், துரோவா ஊரில் விட்டுவந்த போர்வையை எடுத்து வரும்படியும், குளிர்காலத்துக்கு முன்பே வந்துவிடும்படியும் பவுல் கேட்கிறார். மாபெரும் திருத்தூதர் சிறையிலிருந்து கேட்டது ஒரு போர்வையை!

அதே மடலில் ஒனேசிப்போர் என்பவரை நன்றியோடு நினைக்கிறார். ஆசியாவில் உள்ளவர்கள் தம்மைவிட்டு விலகிப் போனபோது, இவர் உரோமைக்கு வந்து, ஆவலோடு தேடி, தம்மைக் கண்டுபிடித்தார் என்றும், தம் சங்கிலியைக் குறித்து வெட்கப்படவில்லை என்றும் எழுதுகிறார். ஒனேசிப்போர் பவுலை விடுதலை செய்யவில்லை. வழக்கில் வாதாடவும் இல்லை. தேடி வந்தார், அவ்வளவுதான். அந்த ஒரு செயலுக்காக அவர் பெயர் இன்றும் வாசிக்கப்படுகிறது.

சட்டம் ஏழைக்குத் தரும் சில வழிகள்

அன்போடு சேர்த்து விவரமும் தேவைப்படுகிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, காவலில் இருக்கும் எவரும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். புதுக்கோட்டை நீதிமன்றத்தில் இயங்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நகையை அடகு வைத்து இடைத்தரகரிடம் கொடுக்கும் முன் இந்த வழியை நினைப்போம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, நீண்ட நாள் விசாரணைக் கைதியாக இருப்பவருக்கு உதவுகிறது. முதல்முறை வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் பிணையில் விடப்பட வேண்டும். மற்றவர்களுக்கு அது பாதிக் காலம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. மேலும், பிணை உத்தரவு கிடைத்து 7 நாள்களாகியும் ஒருவர் வெளியே வரவில்லையென்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. ஜாமீன்தாரர் கிடைக்காமல் தவிக்கும் குடும்பம் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

தண்டனை பெற்றவருக்கு, நெருங்கிய உறவினரின் இறப்பு, கடும் நோய், திருமணம் போன்ற வேளைகளில் அவசர விடுப்பு கேட்க 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள் இடம் தருகின்றன. தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஒரு மகன் வர வேண்டுமென்றால், யாரோ ஒருவர் உரிய சான்றோடு உடனே சிறைக்கு ஓட வேண்டும். துக்க வீட்டில் அந்த ஓட்டத்தை ஓடக்கூடிய ஒருவரை அன்பியம் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கலாம்.

பாதிக்கப்பட்டவர்களை மறக்கலாமா?

இங்கே ஒரு கேள்வி நம் மனத்தில் எழும். கொலையோ வன்கொடுமையோ செய்தவரைப் போய்ப் பார்த்தால், அவரால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அது அநீதி ஆகாதா? நியாயமான கேள்வி. முதலில் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போக வேண்டும் என்பதே மறுமொழி. அவர்களுடைய கண்ணீரைப் புறக்கணித்துவிட்டுச் சிறைக்குப் போனால், அது இரக்கம் ஆகாது. மன்னித்துவிடுங்கள் என்று அவர்களை அவசரப்படுத்தும் உரிமையும் நமக்கு இல்லை. வழக்கில் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர்கள் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். சிறையில் இருப்பவரைச் சந்திப்பது அவர் செய்ததைச் சரி என்று சொல்வதாகாது.

பாதிக்கப்பட்ட குடும்பமே அந்தப் பயணத்தை மேற்கொண்ட ஒரு நிகழ்வு நம் நாட்டில் உண்டு. கேரளத்தைச் சேர்ந்த அருள்சகோதரி இராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவர்களுக்காகப் பணிசெய்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்திலிருந்து இழுக்கப்பட்டுக் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்ற சமந்தர் சிங் ஆயுள் தண்டனை பெற்றார். 2002 ஆகஸ்டில், இராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் துறவியுமான செல்மி பால், சிறைக்குச் சென்று அவர் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரராக ஏற்றார். பின்னர் அந்தக் குடும்பத்தின் பரிந்துரையும் சேர்ந்து, 2006-இல் அவர் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது, சமந்தர் சிங்கும் அங்கே இருந்தார். கொலைக்கும் அந்த ராக்கிக்கும் இடையே ஏழு ஆண்டுகள் ஆயின. மன்னிப்பு அதற்குரிய காலத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் யாரோ ஒருவர் சிறை வாசலுக்குப் போயிராவிட்டால், அது நடந்தே இருக்காது.

வெளியே வரும் நாள்

உள்ளே போகும் நாளைவிட வெளியே வரும் நாள் சில வேளைகளில் கடினமானது. கையில் பையோடு வாசலில் நிற்பவரை அழைத்துவர ஆள் இருக்கிறதா? ஊரில் வேலை கிடைக்குமா? திருச்சி மத்திய சிறையில் தையலோ தோட்ட வேலையோ கற்றவர்கள், ஊருக்கு வந்தபின் அந்தக் கையை எங்கே பயன்படுத்துவது? விடுதலையானவர்களுக்கு உதவச் சிறைத்துறையில் நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். அரசு செய்ய வேண்டியதை அவர்களிடம் கேட்போம். நாம் செய்ய வேண்டியது வேறு. தென்னந்தோப்பிலோ பூக்கடையிலோ சுமைதூக்கும் வேலையிலோ அவரை நம்பி ஒரு நாள் வேலை கொடுக்க ஒருவர் வேண்டும். முதல் ஞாயிறு அவர் கோவிலுக்கு வரும்போது, பாயில் நகர்ந்து இடம் கொடுக்க ஒருவர் வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ், சிறைக்குள் நுழையும்போதெல்லாம், இவர்கள் ஏன் இங்கே, நான் ஏன் அங்கே இல்லை என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதாகப் பலமுறை சொன்னார். 2013-இல் திருத்தந்தையானதும், தம் முதல் பெரிய வியாழனன்று உரோமை நகரின் இளையோர் சிறைக்குப் போய்ப் பாதங்களைக் கழுவினார். 2024 டிசம்பர் 26 அன்று ரெபிபியா சிறையில் யூபிலி ஆண்டின் புனிதக் கதவைத் திறந்தார். 2025 ஏப்ரல் 17, அவருடைய கடைசிப் பெரிய வியாழன். பாதம் கழுவ உடல் இடம்தராத நிலையிலும், ரெஜினா சேலி சிறைக்குப் போய்க் கைதிகளோடு இருந்தார். நான்கு நாள்களில் இறைவனடி சேர்ந்தார்.

நாம் செய்யக்கூடியவை

1981-இல் கேரளத்தில் குருமாணவர்களின் முயற்சியாகத் தொடங்கிய பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா, இன்று நாடெங்கும் சிறைப்பணி செய்கிறது. அதில் சேர்ந்து முறையான அனுமதியோடு சிறைக்குள் பணிசெய்ய விரும்புவோர் பங்குத்தந்தையிடம் சொல்லலாம். அது எல்லாராலும் இயலாது. ஆனால் ஓர் அன்பியத்தால் இயலும் செயல்கள் உண்டு. மனு பார்க்கப் போகும் தாய்க்குப் பேருந்துச் செலவைத் தவக்கால உண்டியலிலிருந்து கொடுக்கலாம். முதல்முறை அவரோடு ஒருவர் துணைக்குப் போகலாம். எழுதத் தெரியாதவருக்கு மடல் எழுதிக் கொடுக்கலாம். அன்று பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் சோறு போடலாம். தமிழ்நாடு சிறைத்துறை, புத்தகக் காட்சிகளில் 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் கைதிகளுக்காக நூல்களைத் திரட்டுகிறது. படித்து முடித்த நல்ல நூல்களைக் கொடுக்கலாம். எல்லாவற்றிலும் எளிது, வதந்தியைக் கேட்டால் அடுத்த வீட்டுக்குக் கடத்தாமல் நம்மோடு நிறுத்துவது.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் நம் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறதா என்று நினைத்துப் பார்ப்போம். பெயர் சொல்ல வேண்டாம், கூட்டத்தில் அறிவிக்க வேண்டாம். ஒரு மாலை நேரத்தில் போய், எப்படி இருக்கிறார், எப்போது பார்த்தீர்கள், அடுத்து எப்போது போகிறீர்கள் என்று கேட்போம். யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று மாதக்கணக்கில் காத்திருந்த வீடாக அது இருக்கலாம்.

மன்றாடுவோம்:

கட்டப்பட்டவராய் ஆளுநர் முன் நின்ற ஆண்டவரே, சிறைகளில் இருக்கும் எம் சகோதர சகோதரிகளை உம் கையில் ஒப்படைக்கிறோம். குற்றமற்றவர்களுக்கு விரைவில் நீதி கிடைக்கச் செய்யும். குற்றம் செய்தவர்களுக்கு மனமாற்றமும், அவர்களால் காயப்பட்டவர்களுக்கு ஆறுதலும் தாரும். சிறைப் பணியாளர்கள் மனிதநேயத்தோடு கடமையாற்ற அருள்தாரும். வீட்டு வாசலில் வழிபார்த்திருக்கும் தாய்மாரையும் மனைவியரையும் பிள்ளைகளையும் காத்தருளும். சங்கிலியைக் குறித்து வெட்கப்படாத மனத்தையும், தேடிப் போகும் கால்களையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.